குளோரோபாரமும் ரூபா பாயும்

ரண சிகிச்சை என்றவுடன் கத்தியும் அதைப் பிடித்த கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிழைத்து வீடு திரும்பிய நோயாளி, கத்தி பிடித்த டாக்டரின் பெயரை ஊரெல்லாம் சொல்லிக் கொண்டாடுகிறான். தலைமாட்டில் உட்கார்ந்து, தன்னை உறங்கவைத்து, மூச்சை எண்ணிக்கொண்டிருந்து, மறுபடியும் எழுப்பிவிட்டவரின் பெயர் அவனுக்குத் தெரியாது. முகமும் தெரியாது. அந்த வேலையின் இயல்பே அப்படிப்பட்டது. அது செவ்வனே நடந்துவிட்டால், ஒன்றும் நடந்ததாகவே யாருக்கும் தோன்றாது.

இந்த வேலையை ஒரு சாஸ்திரமாகக் கற்று, அதிலேயே தமது ஆயுளைச் செலவிட்ட முதல் பெண்மணி யார் என்று கேட்டால், லண்டனிலோ நியூயார்க்கிலோ தேடத்தான் நமக்குத் தோன்றும். அடிமைப் புத்தி அவ்வளவு எளிதில் போகிறதா? வைத்திய சரித்திரம் எழுதுவோர் அந்தப் பெருமையை ஹைதராபாத் சமஸ்தானத்தில் வாழ்ந்த ஒரு பார்ஸி மாதுக்கு அளிக்கிறார்கள். டாக்டர் ரூபா பாய் பர்தூன்ஜி என்பது அவர் பெயர். தமிழ்நாட்டில் பத்துப் பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தால் அதுவே அதிகம்.

ஹைதராபாத்துக்குப் போகுமுன் நமது பழனி மலைகளைச் சற்று சுற்றிச் செல்வது அவசியமாகிறது. 1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற வெள்ளைக்காரர் அம்மலைகளை அளந்து படம் எழுதினார். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார்கள், கீழ்நாட்டின் ஜுரத்துக்கும் காலராவுக்கும் தங்களில் பலரைப் பறிகொடுத்த பின்னர், கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டார்கள். பாதை என்று சொல்லத்தக்கது அப்போது கிடையாது. பெரியகுளம் பக்கத்திலிருந்து ஏறும் ஒற்றையடித் தடத்தில் துரைகளையும் துரைசானிகளையும் கூலிகள் நாற்காலியில் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அந்த மிஷனை அனுப்பிய சங்கத்தின் தலைமை ஸ்தானம் அமெரிக்காவில் பாஸ்டன் நகரம். கொடைக்கானலில் பங்களா எழும்பிய மறு வருஷம், 1846 அக்டோபர் 16-ந் தேதி, அதே பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மார்ட்டன் என்ற பல் வைத்தியர் ஒரு நோயாளிக்கு ஈதர் என்னும் ஆவியைப் பலர் முன்னிலையில் முகரக் கொடுத்தார். நோயாளியின் கழுத்திலிருந்த கட்டியை அறுத்தார்கள், அவன் அலறவில்லை. உலகம் முழுவதும் அக்டோபர் 16-ஐ மயக்க மருத்துவ தினமாகக் கொண்டாடுவது இதனால்தான்.

அதற்குமுன் என்ன செய்தார்கள்? ஆளைக் கட்டிப்போட்டார்கள், நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கண் மூடித் திறப்பதற்குள் காலை அறுத்து எறியும் டாக்டரே கெட்டிக்காரர் எனப்பட்டார். வயிற்றைத் திறப்பது, மார்பைத் திறப்பது என்பதெல்லாம் எண்ணிப் பார்க்கவும் இயலாதவை.

இந்த இடத்தில் நமது முன்னோர்களை நினைக்காதிருக்க முடியாது. ரண சிகிச்சைக்கு முன் நோயாளிக்கு மது கொடுக்கும்படி சுசுருதர் விதித்திருக்கிறார். பழனியாண்டவர் திருமேனியை நவபாஷாணத்தால் போகர் சமைத்தார் என்பது ஐதிகம். பாஷாணங்களையே கட்டத் தெரிந்த சித்தருக்கு மயக்க மருந்து தெரியாமலா இருந்திருக்கும் என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். ஊமத்தையும் அபினும் கஞ்சாவும் நம்மவர்க்குத் தெரிந்தவையே. ஆனால் ஊமத்தை எவ்வளவு கொடுத்தால் உறக்கம், எவ்வளவு கொடுத்தால் மரணம் என்ற கணக்கு எங்கே? ஆளுக்கு ஆள், விதைக்கு விதை அது மாறுபடும். போஜராஜனுக்கு ‘சம்மோஹினி’ என்ற மருந்தைக் கொடுத்து மூளையில் சிகிச்சை செய்தார்கள் என்று ஒரு கதையைச் சொல்லி, அது 927-ஆம் வருஷத்தில் நடந்ததாக நம்மவர்கள் மேடைதோறும் முழங்குகிறார்கள். போஜன் ஆண்டதோ பதினோராம் நூற்றாண்டில்! அந்தக் கதை வரும் நூல் அவனுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டது. தேசத்தின் பெருமையை நிலைநாட்ட இத்தகைய முட்டுக்கட்டைகள் வேண்டியதில்லை. நிஜமான பெருமை வேறிடத்தில் கிடக்கிறது.

ஈதருக்கு முந்திய வருஷமே வங்காளத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. ஹூக்ளியில் இருந்த எஸ்டெயில் என்ற கம்பெனி டாக்டர், 1845 முதல் மனோவசியத்தால் நோயாளிகளை உறங்கச் செய்து பெரிய பெரிய கட்டிகளை அகற்றி வந்தார். மறு வருஷம் கல்கத்தாவில் அதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரியும் ஏற்பட்டது. புகழெல்லாம் எஸ்டெயிலுக்குச் சேர்ந்தது. ஆனால் நோயாளியின் முகத்தருகே மணிக்கணக்காகக் கையை வீசி வீசி உறங்கச் செய்த வேலையை, அவர் பழக்கி வைத்திருந்த வங்காளி வாலிபர்களே செய்தார்கள். அந்த வாலிபர்களின் பெயர்களை யார் எழுதிவைத்தார்கள்?

1847-ல் ஈதர் கல்கத்தாவுக்கு வந்தது. ஆனால் நமது சீதோஷ்ணத்தில் அது நிலைக்கவில்லை. ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்திலேயே ஈதர் கொதித்து ஆவியாகிவிடும். சித்திரை மாதத்து மதுரையிலோ வேலூரிலோ புட்டியைத் திறந்தால் போதும், மருந்து நோயாளியை அடையுமுன் அறையெங்கும் பரவிவிடும். அதுவுமன்றி, விளக்குச் சுடர் பட்டால் பற்றிக்கொள்ளும். 1847 நவம்பரில் எடின்பரோவில் ஸிம்ஸன் என்ற டாக்டர் குளோரோபாரத்தை மயக்க மருந்தாக உபயோகித்தபோது, இந்தியாவிலிருந்த டாக்டர்கள் அதை இரு கைகளாலும் ஏற்றுக்கொண்டார்கள். அது கொதிக்க 61 டிகிரி வேண்டும்; தீப்பற்றாது; சில துளிகளே போதும்; வாசனையும் இனிது. ஒரு கைக்குட்டை, ஒரு சிறு புட்டி. வேறு உபகரணம் தேவையில்லை.

ஆனால் சனியன் உடனே பிடித்துக்கொண்டது. 1848 ஜனவரி 28-ந் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியில், ஹன்னா கிரீனர் என்ற பதினைந்து வயதுச் சிறுமி, கால் விரல் நகத்தை எடுப்பதற்காகக் குளோரோபாரம் முகர்ந்தாள். அதற்கு முன் பயந்து அழுதுகொண்டிருந்தாள். சில நிமிஷங்களில் உயிர் போய்விட்டது. ஒரு நகத்துக்காக! அன்று முதல், நல்ல திடகாத்திரமுள்ளவர்கள், அற்ப சிகிச்சைக்காக மேஜையில் படுத்தவர்கள், திடீர் திடீரென்று மாண்டார்கள். ஏன் மாண்டார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

இதிலே டாக்டர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ‘குளோரோபாரம் இருதயத்தையே நேராகத் தாக்கி நிறுத்திவிடுகிறது, ஆகையால் நாடியை விடாமல் பார்த்துக்கொண்டிரு’ என்றது லண்டன் கட்சி. ‘நாடியைப் பார்த்துப் பயனில்லை, முதலில் நிற்பது சுவாசம், சுவாசத்தைக் கவனித்தால் ஆபத்து வராது’ என்றது எடின்பரோ கட்சி. எடின்பரோ கட்சியின் குரு ஸைம் என்பவர். அவருடைய சிஷ்யர்களில் ஒருவரான எட்வர்ட் லாரி, 1885-ல் ஹைதராபாத்தில் ரெஸிடென்ஸி டாக்டராகவும், அங்குள்ள வைத்தியப் பள்ளிக்கு அதிபராகவும் வந்து சேர்ந்தார்.

அந்தப் பள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. 1846-ல், ஈதர் பிறந்த அதே வருஷத்தில் அது ஆரம்பமாயிற்று. ஆரம்ப காலத்தில் அங்கே பாடம் உருதுவில் நடந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் டாக்டர் கிரீன் என்ற அமெரிக்கர் தமிழிலேயே மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்து, ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளியிட்டுக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேற்பட்ட தமிழர்கள் அவரிடம் படித்து டாக்டர்களானார்கள்; அவர்களில் பலர் தமிழிலேயே படித்தவர்கள். இன்றுங்கூட ‘தமிழில் வைத்தியம் கற்பிக்க முடியுமா?’ என்று கேட்கும் கனவான்கள் இவற்றை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஹைதராபாத் பள்ளி பின்னர் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. ஆயினும் தேர்ந்தவர்களுக்கு அளித்த பட்டம் ‘ஹக்கீம்’ என்பதாகவே இருந்தது.

லாரி வந்த அதே 1885-ல் ஐந்து பெண்கள் அந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள். சென்னை வைத்தியக் கல்லூரி அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1875-ல், பெண்களைச் சேர்த்துக்கொண்டு வழிகாட்டியிருந்தது. ஆனால் கோஷா வழக்கம் இறுகியிருந்த ஒரு சமஸ்தானத்தில், ஆண் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து பிணத்தை அறுத்துப் பாடம் கற்பதென்றால் அது சாமானியத் துணிவா? அந்த ஐவரில் ஒருவர் ரூபா பாய். 1889-ல் அவர் ஹக்கீம் பட்டம் பெற்றார்.

அவர் மாணவியாயிருந்த வருஷங்களிலேதான் ஹைதராபாத் பள்ளி உலகத்தின் கவனத்தை இழுத்தது. 1888-ல் லாரியின் தூண்டுதலால் முதல் குளோரோபாரம் கமிஷன் ஏற்பட்டது. நாய்களுக்குக் குளோரோபாரம் கொடுத்து, எது முதலில் நிற்கிறது, சுவாசமா இருதயமா, என்று பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் சுவாசமே முதலில் நின்றது. லண்டனிலுள்ள ‘லான்செட்’ பத்திரிகை இதை நம்பவில்லை. எங்கோ ஒரு சுதேச சமஸ்தானத்தில் சிலர் தெரு நாய்களை வைத்துக்கொண்டு செய்த பரிசோதனைக்கு அவ்வளவு மதிப்பா என்ற எண்ணம் அதன் எழுத்தில் தொனித்தது. லாரி விடுவாரா? நிஜாம் மஹபூப் அலி கான் சர்க்காரிடம் சொல்லி ஆயிரம் பவுனைப் பெற்று, ‘இந்தப் பணத்தில் நீங்களே ஒருவரை அனுப்பிப் பாருங்கள்’ என்று சவால் விட்டார்.

வந்தவர் சாமானியரல்லர். மருந்தியலில் அக்காலத்தில் இங்கிலாந்தின் முதல் தர நிபுணரான லாடர் பிரன்டன் என்பவரே 1889-ல் கப்பலேறி வந்தார். குளோரோபாரம் இருதயத்தைத் தாக்கும் என்று அதுவரை கற்பித்து வந்தவர் அவர். ஹைதராபாத்தில் இரண்டாவது கமிஷன் கூடியது. ருஸ்தம்ஜி ஹக்கீம் என்ற நம்மவரும் அதில் அங்கத்தினர். நாய், குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் என்று 400-க்கு மேற்பட்ட பிராணிகளிடம் பரிசோதனை நடந்தது. இரத்த அழுத்தத்தைக் கோடிட்டுக் காட்டும் கருவியைப் பூட்டி, நிமிஷத்துக்கு நிமிஷம் பதிவு செய்தார்கள். ரூபா பாயும் மற்ற மாணவர்களும் இந்த வேலைகளில் பங்கு கொண்டார்கள். முடிவில் பிரன்டன் தமது பழைய கொள்கையைக் கைவிட்டு, ஆபத்தெல்லாம் மூச்சுத் திணறலாலும் மருந்து மிஞ்சுவதாலுமே வருகிறது, இருதயத்தை நேராகத் தாக்குவதால் அல்ல என்று லண்டனுக்குத் தந்தி கொடுத்தார். 1890 ஜனவரியில் ‘லான்செட்’ அறிக்கையை வெளியிட்டது. தனக்கு எதிரான முடிவைத் தானே அச்சிட வேண்டிய நிலைமை அந்தப் பத்திரிகைக்கு!

உலகத்தின் வைத்திய விவகாரம் ஒன்றை ஓர் இந்திய சமஸ்தானம் தன் பணத்தைக் கொட்டி, தன் மாணவர்களின் உழைப்பைக் கொண்டு விசாரித்து, லண்டனுக்குத் தீர்ப்பு எழுதி அனுப்பியது அதுதான் முதல் தடவை என்று தோன்றுகிறது. நிஜாமின் ஆட்சியைப் பற்றி நமக்குள்ள அபிப்பிராயம் வேறு. இந்த ஆயிரம் பவுனை மட்டும் வீண் செலவென்று சொல்ல மனம் வரவில்லை.

பட்டம் பெற்றபின் ரூபா பாய் என்ன செய்தார்? மற்றவர்களைப் போலப் பிரசவம், ஜுரம் என்று வைத்தியத் தொழில் நடத்திப் பொருளீட்டியிருக்கலாம். அவர் மயக்க மருந்தையே தம் துறையாகக் கொண்டார். 1889 முதல் 1917 வரை ஏறக்குறைய இருபத்தெட்டு வருஷம், ரெஸிடென்ஸி ஆஸ்பத்திரி, அப்ஸல்கஞ்ச் ஆஸ்பத்திரி, ஜெனானா ஆஸ்பத்திரி ஆகியவற்றில் குளோரோபாரம் கொடுப்பதே அவர் வேலையாயிருந்தது. கோஷா மாதர்கள் ஆண் டாக்டரிடம் முகத்தையே காட்டமாட்டார்கள். முகத்தைக் காட்டாதவளுக்கு மூக்கில் மருந்து வைப்பது எப்படி? ஒரு பெண் தலைமாட்டில் உட்கார்ந்தபின்தான் அந்த மாதர்களுக்கு ரண சிகிச்சை என்ற கதவே திறந்தது எனலாம். அக்காலத்தில் இங்கிலாந்தில் என்ன நிலைமை? குளோரோபாரம் கொடுக்கும் வேலையைப் புதிதாக வந்த பையன்களிடம், ஏன், சில சமயம் கையில் ஓய்வுள்ள எவரிடமேனும் ஒப்படைத்துவிடுவார்கள். இங்கே ஒரு பெண்மணி அதைத் தம் ஜீவிய காரியமாக ஏற்றுக்கொண்டார்.

அவர் அதோடு திருப்தியடையவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று, பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். பிறகு 1909-ல் எடின்பரோவுக்குப் போனார். மயக்க மருத்துவத்துக்கென்று அப்போது எங்கும் படிப்பு கிடையாது. ஆகவே பௌதிகத்தையும் ரசாயனத்தையும் படித்து அவற்றில் டிப்ளமோ வாங்கினார். இருபது வருஷம் வேலை செய்த டாக்டர் ஒருவர், சிறு பையன்களோடு உட்கார்ந்து பௌதிகம் படிப்பானேன் என்று சிலர் நகைத்திருக்கக்கூடும். காரணத்தைக் கொடைக்கானலை உதாரணமாக வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும்.

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி மேலே இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் சென்னையில் உள்ளதில் சுமார் ஐந்தில் நாலு பங்குதான். மதுரையில் 35 டிகிரியில் கொதிக்கும் ஈதர், கொடைக்கானலில் ஏறக்குறைய 27 டிகிரியிலேயே கொதிக்கும். ஆனால் மலைக் குளிரில் அறை அந்த 27-ஐக் கூட அநேகமாக எட்டாது. ஆகவே அங்கே ஈதர் புட்டியில் அடங்கியிருக்கும். கீழே பொல்லாத மருந்து மேலே சாதுவாகிவிடுகிறது! நைட்ரஸ் ஆக்ஸைடு என்ற வாயுவின் கதையோ இதற்கு மாறானது. அதன் வீரியம் நூற்றுக்கு எத்தனை பங்கு கலந்தோம் என்பதைப் பொறுத்ததல்ல. அந்தப் பங்கு செலுத்தும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஏற்கனவே வீரியம் குறைந்த அந்த வாயு, சென்னையில் போதுமான அதே கலப்பில், மலைமேல் இன்னும் குறைந்துவிடும். பிராணவாயுவும் அப்படியே: விகிதம் ஒன்றுதான், அழுத்தம் குறைவு, மூச்சு சிறிது தடைப்பட்டாலும் இரத்தத்தில் பிராணவாயு விரைவில் இறங்கும். பழக்கத்தால் மட்டும் கற்றவன் மதுரையில் செய்ததையே கொடைக்கானலில் செய்து ஏமாந்துபோவான். வாயுக்களின் விதிகளை அறிந்தவன் ஏமாறமாட்டான். ரூபா பாய் எடின்பரோவில் தேடிச் சென்றது இந்த விதிகளையே.

1920-ல் அவர் சாதர்காட் ஆஸ்பத்திரியின் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றார்.

இப்போது கமிஷனின் தீர்ப்பைப் பற்றிய கசப்பான பகுதிக்கு வருவோம். தேசாபிமானிகள் பலர் ஹைதராபாத் கமிஷனைப் பற்றி எழுதும்போது 1890-லேயே கதையை முடித்துவிடுகிறார்கள். கதை அங்கே முடியவில்லை. கமிஷன் தீர்ப்புச் சொன்ன பிறகும் மேஜைகளில் ஜனங்கள் திடீரென்று சாவது நிற்கவில்லை. 1911-ல் லண்டனில் குட்மன் லெவி என்பவர் பூனைகளிடம் செய்த ஆராய்ச்சியில் உண்மை வெளிப்பட்டது. குளோரோபாரத்தை இலேசாகக் கொடுக்கும்போதுதான் ஒரு ஆபத்து மறைந்திருக்கிறது. அப்போது இருதயத் தசை சுலபமாகக் கிளர்ச்சியடையும் நிலையில் இருக்கும். அச்சத்தாலோ வலியாலோ உடம்பில் அட்ரினலின் என்ற சுரப்பு பெருகினால், இருதயம் துடிப்பதை விட்டு வெறுமனே நடுங்க ஆரம்பித்துவிடும். நடுங்கும் இருதயம் இரத்தத்தைத் தள்ளாது. சுவாசம் சில விநாடி நடந்துகொண்டிருக்கும்போதே உயிர் போய்விடும். நகத்தை எடுக்கப் பயந்து அழுத ஹன்னா கிரீனர் மாண்டது இவ்வாறே என்று இன்று பலரும் எண்ணுகிறார்கள்.

ஆகவே ‘இருதயத்தை ஒருபோதும் தாக்காது’ என்று கமிஷன் அடித்துச் சொன்னது தவறு. ஹைதராபாத்தில் மருந்தை நிதானமாக, இடைவிடாமல், ஆழ்ந்த உறக்கம் வரும்வரை கொடுத்தார்கள். இலேசான நிலை அங்கே நீடிக்கவில்லை. அதனாலேயே அவர்கள் அந்த ஆபத்தைக் காணவில்லை என்று கொள்வது பொருந்தும். தம் கண்ணில் படாததை உலகத்தில் இல்லாததாகத் தீர்ப்பளித்ததே அவர்கள் செய்த பிழை. இதில் லாரிக்கும் பங்கு உண்டு, பிரன்டனுக்கும் பங்கு உண்டு. எதிரிகளுடைய கட்சியும் முழுச் சரியல்ல. மருந்து மிஞ்சி மாண்டவர்களில் சுவாசம் நிற்பதே முதல் குறி என்ற ஹைதராபாத் பாடம் நிலைத்துவிட்டது. சுவாசத்தின்மீது கண் வைத்திருக்கும் பழக்கத்தை உலகத்துக்கு வற்புறுத்தியதில் அந்தப் பள்ளிக்கு நிச்சயமாகப் பங்கு உண்டு. நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சி என்பதற்காக அதன் குற்றத்தை மறைப்பது ஆராய்ச்சிக்குச் செய்யும் அவமரியாதை. லண்டன்காரர் ஒருவர் திருத்தினார் என்பதற்காக அதை அடியோடு தள்ளுவதும் அப்படியே.

அதன்பின் எத்தனையோ மாறிவிட்டன. 1942-ல் கனடா தேசத்து மான்ட்ரியாலில் கிரிபித் என்பவர், தென்னமெரிக்க வேடர்கள் அம்பில் தடவும் க்யூராரே விஷத்தைக் கொண்டு தசைகளைத் தளர்த்தும் முறையைப் புகுத்தினார். 1956-ல் ஹாலோத்தேன் என்ற மருந்து வந்ததும் குளோரோபாரத்தின் காலம் முடிந்தது. 1974-ல் ஜப்பானில் டாகுவோ அவோயாகி என்ற பொறியாளர், விரல் நுனியில் ஒளியைப் பாய்ச்சி இரத்தத்திலுள்ள பிராணவாயுவை அறியும் கருவிக்கு வழி கண்டார். கொரோனா காலத்தில் நமது வீடுகளுக்கெல்லாம் வந்துசேர்ந்த அந்தச் சிறு கருவி, லண்டன் கட்சியின் நாடியையும் எடின்பரோ கட்சியின் சுவாசத்தையும் ஒரே முகப்பில் காட்டுகிறது. இருந்தும், முகப்பைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் எங்கே என்பதுதான் பழனி மலைகளின் பிரச்னை. வேலூரில் பெரிய வைத்தியக் கல்லூரியை ஏற்படுத்திய டாக்டர் ஐடா ஸ்கடரை இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். 1900-ல் அமெரிக்காவில் படித்து முடித்துத் திரும்பிய அந்த அம்மையார், முதல் ரண சிகிச்சையைச் செய்தபோது பக்கத்தில் நின்றவர் வீட்டுச் சமையற்காரரின் மனைவி ஒருவரே. வேறு துணையில்லை. 1918-ல் அவர் பெண்களுக்கென்று வைத்தியப் பள்ளி ஆரம்பித்ததற்கு இந்த அனுபவமெல்லாம் சேர்ந்த காரணம். முதுமையில் அவர் கொடைக்கானலில் ‘ஹில் டாப்’ என்ற வீட்டில் வசித்து, 1960 மே 24-ந் தேதி அங்கேயே காலமானார். அதே கொடைக்கானலில், மதுரையில் வெகு காலம் வைத்தியம் செய்த வான் ஆலன் பெயரால் ஓர் ஆஸ்பத்திரியும் இருக்கிறது. துரைமார்கள் ஓய்வுக்காக ஏறிய மலைக்கு வைத்தியமும் கூடவே ஏறியது என்று சொல்லலாம். ஆனால் அது ஏரிக்கரையைத் தாண்டி எவ்வளவு தூரம் நடந்தது?

1914-ல் வத்தலக்குண்டு வழியாக மோட்டார் பாதை திறந்தது. சுற்றுலாக்காரருக்கு அது போதும். பூம்பாறை, மன்னவனூர், குக்கல் போன்ற மேல்மலை ஊர்களிலும், தாண்டிக்குடி, பன்றிமலை போன்ற கீழ்மலை ஊர்களிலும், பளியர் குடிகளிலும் வாழ்கிறவர்களுக்கு அது போதாது. பிரசவத்தில் குழந்தை குறுக்கே நின்றுவிட்டால், வயிற்றைத் திறந்து எடுப்பது ஒன்றே வழி. கத்தி பிடிக்கத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், மேஜை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர் அன்று வரவில்லையென்றால், இத்தனையும் இருந்து என்ன பயன்? அந்தப் பெண்ணை வண்டியில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகள் வழியே சமவெளிக்கு அனுப்பவேண்டியதுதான். முன்பு துரைசானிகளை மேலே சுமந்துபோன கூலிகளின் பேத்தி, பிரசவ வேதனையில் கீழே போகிறாள். வழியில் என்ன நடக்கும் என்பதை மலை ஊர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இது கொடைக்கானலுக்கு மட்டும் உரிய குறையன்று. தேசம் முழுவதும் மயக்க மருத்துவர்கள் நகரங்களில் குவிந்திருக்கிறார்கள். இதை உணர்ந்தே இந்திய சர்க்கார், சாதாரண எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு அவசரப் பிரசவ சிகிச்சைக்கான மயக்க மருத்துவத்தில் 18 வாரப் பயிற்சி அளிக்கும் திட்டமொன்றை ஏற்படுத்தியது. ‘பதினெட்டு வாரத்தில் மயக்க மருத்துவம் கற்க முடியுமா?’ என்று நிபுணர்கள் ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமற்றதல்ல, ரூபா பாய் அதற்கு ஓர் ஆயுளையே எடுத்துக்கொண்டார். ஆயினும் நிபுணர் வரும்வரை மலைமேலுள்ள பிரசவங்கள் காத்திருக்கமாட்டா. நமது அபிப்பிராயத்தில், பதினெட்டு வாரம் கற்றவர் ஒருவர் மலையில் நிலையாக இருப்பது, மூன்று வருஷம் கற்றவர் மதுரையில் இருப்பதைவிட மேல். ஆனால் அவ்விதம் கற்றவரை மறு மாதமே வேறு ஊருக்கு மாற்றிவிடுகிற காரியாலய புத்திக்கு என்ன மருந்து கொடுப்பது?

மலைப் பஞ்சாயத்துகளில் வேலை செய்யும் நண்பர்கள் அடுத்த கிராம சபையில் கேட்கவேண்டியது இது. தாலுகா ஆஸ்பத்திரியில் மயக்க மருத்துவர் பதவிகள் எத்தனை அனுமதிக்கப்பட்டிருக்கின்றன? எத்தனை நிரம்பியிருக்கின்றன? நிரம்பியவர்கள் இரவிலும் மலைமேல் தங்குகிறார்களா, மாலையில் இறங்கிவிடுகிறார்களா? சென்ற வருஷம் எத்தனை கர்ப்பிணிகள் மயக்க மருத்துவர் இல்லாத காரணத்தால் கீழே அனுப்பப்பட்டார்கள்? தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் அமலில் இருக்கிறது. மனுவின் கட்டணம் பத்து ரூபாய். பதில் முப்பது நாளைக்குள் வந்தாகவேண்டும்.